காலங் கடந்த கணக்கு: நீதிமன்றும் வயலும் கடலும்

மக்களிடமிருந்து வரி பெறும் அரசு அம்மக்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது என்பது மக்களாட்சியின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும். அண்மைக்காலத்தில் இக்கருத்தைக் குறிப்பதற்குப் 'பொறுப்புக்கூறல்' என்னுஞ் சொல் பெருவழக்காகியுள்ளது. சொல் புதிதாயினும் பொருள் புதிதன்று. கோயில் முகாமையாளரும் கூட்டுறவுச் சங்கச் செயலாளரும் பொதுக்கூட்டத்திற் கணக்கு வாசிப்பது எமது ஊர்களில் நெடுநாளைய வழக்கம். அக்கணக்கு உரிய நாளில் வாசிக்கப்படாவிடின், சபையோர் தொகையை விசாரிக்கு முன்னரே தாமதத்துக்குக் காரணங் கேட்பர். காலந் தாழ்த்திக் காட்டப்படுங் கணக்கை ஊரார் அரைக்கணக்காகவே மதிப்பர்.

ஊர்ச்சபையிற் செல்லும் இவ்வளவுகோலை நாட்டின் அரசுக்கும் இட்டுப் பார்த்தல் பயனுடையதாகும். இக்கட்டுரை, இலங்கையில் நீதிமன்றத் தாமதம், கமக்காரருக்கான மானியம், கடற்றொழிலாளருக்கான அரச நிதியுதவி ஆகிய மூன்று துறைகளிலும் அரசு எவ்வாறு கணக்குக் கொடுத்து வந்துள்ளது என்பதைக் கால நோக்கில் ஆராய முற்படுகின்றது. இம்மூன்றும் வெவ்வேறு அமைச்சுக்களுக்குரியனவாகத் தோன்றினும், குடிமகனின் வாழ்க்கையில் ஒன்றோடொன்று பிணைந்தவை. வயலுக்குப் பருவமுண்டு, கடலுக்குப் பருவமுண்டு, வழக்காளியின் ஆயுளுக்கும் எல்லையுண்டு. இவற்றுக்கு மாறாக, அரச நிருவாகம் தனக்கென வேறொரு நாட்காட்டியைக் கொண்டு இயங்குகின்றது. குடிமகனுக்கு விதிக்கப்பட்ட காலக்கெடுக்கள் இறுக்கமாகவும், அரசு தனக்கு விதித்துக்கொண்டவை நெகிழ்ச்சியாகவும் இருந்து வந்துள்ளன என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் முடிபாகும்.

1. குடியேற்ற ஆட்சியின் இரு முகங்கள்

இலங்கையின் தற்கால ஆட்சிமுறையின் தோற்றத்தை 1833 ஆம் ஆண்டிலிருந்து கணிப்பது வரலாற்றாசிரியர் வழக்கம். கோல்புறூக், கமரன் ஆகிய விசாரணை ஆணையாளரின் விதப்புரைகளை அடியொற்றி அவ்வாண்டிற் சட்டசபை ஒன்று அமைக்கப்பட்டது. அதே ஆண்டின் நீதிப் பட்டயம் கரையோரத்துக்கும் கண்டிப் பகுதிக்கும் பொதுவான ஒரே நீதிமன்ற அமைப்பை ஏற்படுத்தியது. சட்டத்தின் முன் யாவருஞ் சமம் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றமை மறுக்கற்பாலதன்று. ஆயினும் நீதிமன்று தூரத்திலிருந்தது. அதன் மொழி ஆங்கிலமாயிருந்தது. செலவோ குடியானவனின் சத்திக்கு அப்பாற்பட்டதாயிருந்தது. ஒரு தசாப்தத்துக்குள்ளேயே, 1843 இல், சிறு வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றங்களை நிறுவ வேண்டி ஏற்பட்டமை புதிய அமைப்பின் சுமையை உணர்த்துகின்றது.

நீர்ப்பங்கீடு பற்றிய பிணக்குகளுக்கு இவ்வமைப்பு சிறிதும் பொருந்தவில்லை. மேல்வயற்காரன் வாய்க்காலை மறித்தால், கீழ்வயற்காரனின் பயிர் சில நாட்களில் வாடிவிடும். மாதக்கணக்கில் தவணையிடும் நீதிமன்று அவனுக்கு என்ன நீதியை வழங்கவியலும்? தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், பழைய ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் இடமளித்து, இத்தகைய பிணக்குகளை ஊரவரே விசாரித்து முடிக்க வழிசெய்தது. கிழக்கு மாகாணத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டதும் அக்காலத்திலேயேயாம். 1871 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராம நியாய சபைகளை ஏற்படுத்தி இந்நோக்கை மேலும் விரிவாக்கியது. வழக்கறிஞர் தோன்றாத அச்சபைகளிற் சில பிழைகள் இருந்திருக்கலாம். எனினும் பயிர் வாடுமுன் தீர்ப்புக் கிடைக்க வேண்டும் என்ற உண்மையை அவை ஏற்றுக்கொண்டன.

இதே ஆட்சியின் மறுமுகத்தை நெல்வரியின் வரலாறு காட்டுகின்றது. 1880 களில் வலப்பனைப் பகுதியில், சொற்ப வரி நிலுவைக்காகக் குடியானவரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. வரி செலுத்தும் நாள் தவறியமைக்குத் தண்டனை உடனடியாகக் கிடைத்தது. நிலமிழந்தோரின் அவலத்தை நுவரெலியா உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் தமது மேலிடத்துக்கு அறிவித்தார். இப்பிரச்சினை இலங்கையிலும் இங்கிலாந்திலும் விவாதிக்கப்பட்டது. ஆயினும் நெல்வரியை நீக்கும் முடிவு 1892 ஆம் ஆண்டிலேயே எட்டப்பட்டது. வயலை ஏலத்தில் விற்கச் சில மாதங்கள் போதுமாயிருந்த அரசுக்குத் தன் தவற்றை ஏற்கப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. பிற்காலத்திற் பன்முறை நிகழ்ந்தவற்றுக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம்.

2. வயலுக்கு அளித்த வாக்குறுதி

1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பு அரசாங்க சபையின் உறுப்பினரை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரித்தது. ஒவ்வொரு குழுவும் தனக்குரிய திணைக்களங்களை நேரடியாக மேற்பார்வை செய்தது. இம்முறையிற் குறைபாடுகள் பலவுண்டு. எனினும் சாதாரண உறுப்பினர் ஒருவரும் திணைக்களத்தின் அலுவலை அது நடைபெறுங் காலத்திலேயே கேள்வி கேட்கக்கூடியதாயிருந்தமை அதன் சிறப்பாகும். 1947 இல் அமைச்சரவை முறை வந்ததும் இவ்வாய்ப்பு மறைந்தது. 2015 இற் பாராளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் அமைக்கப்பட்டபோது, இழந்த அவ்வாய்ப்பின் ஒரு பகுதியேனும் மீட்கப்பட்டது எனக் கொள்ளலாம்.

சுதந்திர இலங்கையிற் கமத்தொழிலுக்கு அரசு அளித்த முதற் பெரும் வாக்குறுதி உத்தரவாத விலைத் திட்டமாகும். 1948 இல் நிலைபெற்ற இத்திட்டத்தின்கீழ், அரசு நிர்ணயித்த விலைக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நெல்லைக் கொள்வனவு செய்தன. 1950 களின் ஆரம்பத்திலிருந்து புசலொன்றுக்கு 12 ரூபாவாக இருந்த விலை 1967 இல் 14 ரூபாவாகவும், உலக உணவு நெருக்கடி உச்சமடைந்த 1974 இல் 33 ரூபாவாகவும் உயர்ந்தது. 1971 இல் நெற் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. ஏட்டளவில் இது சிறந்த திட்டமாகும். ஆயின் அறுவடை முடிந்த கையோடு கமக்காரனுக்குப் பணந் தேவை. உழவுகூலி, வெட்டுக்கூலி, கடைக்கடன் ஆகியவை காத்திரா. களஞ்சியம் நிரம்பிவிட்டது எனவோ பணம் இன்னும் வந்து சேரவில்லை எனவோ மறுமொழி கிடைக்குமாயின், அவன் களத்துமேட்டிலேயே தனியார் வியாபாரிக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவான். அரசின் கணக்கேட்டில் உத்தரவாத விலை நிலைத்திருக்கும். கமக்காரனின் கையில் அது இராது.

1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் இன்னும் தெளிவான சான்றாகும். கமத்தொழில் அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த இச்சட்டம் குத்தகைக் கமக்காரருக்கு நிலையான உரிமையை அளித்தது. நிலவுடைமையாளர் பெறும் பங்கை மட்டுப்படுத்தியது. கமக்காரர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆயினும் அது நாடு முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. மாவட்டம் மாவட்டமாக விரிவுபடுத்தப்பட்டு 1960 களின் ஆரம்பத்திலேயே முழு நாட்டையும் அடைந்தது. சட்டத்துக்கு முன்னே அதன் செய்தி சென்றமையால், பல இடங்களில் உடைமையாளர் தம் குத்தகையாளரை முற்கூட்டியே வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டவன் முறையிட்டால் ஆணையாளரின் விசாரணை, அதன்மேல் மீளாய்வுச் சபை, அதற்கும் அப்பால் நீதிமன்று என வழி நீண்டது. அவ்வழியின் முடிவைக் காணும்வரை நிலமின்றி வாழும் வசதி அவனுக்கு இருக்கவில்லை. காணிச் சீர்திருத்தத்தின் தோல்விக்கு உடைமையாளரின் எதிர்ப்பை மட்டுங் காரணங் காட்டுவது போதாது. நடைமுறையின் நீளமும் அவர்களுக்கு உதவிற்று.

இச்சட்டம் பெற்ற மாற்றங்களும் கவனிக்கத்தக்கவை. 1973 இல் கமக்காணிச் சட்டமும், 1979 இல் கமநல சேவைகள் சட்டமும், 2000 இல் கமநல அபிவிருத்திச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெரிவுசெய்யப்பட்ட குழுக்கள் முதலில் நியமனக் குழுக்களாயின. 1979 இன் பின்னர் அவையும் மறைந்தன. முந்திய அமைப்பு எதைச் சாதித்தது, எங்கே தவறியது என்ற கணக்கு மக்கள்முன் வைக்கப்படுமுன்னரே அடுத்த அமைப்புத் தொடங்கிவிடும். பயிர்க் காப்புறுதியும் இவ்வாறே 1958 இற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961, 1973, 1999 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களினால் உருமாறி வந்தது.

பசளை மானியத்தின் வரலாறும் இதனையொத்ததே. 1962 இல் அது தொடங்கிற்று. 1990 இல் நிறுத்தப்பட்டது. 1994 இல் மீண்டும் வந்தது. 2005 இன் இறுதியிலிருந்து 50 கிலோகிராம் பசளை மூடை 350 ரூபாவுக்கு நெற்செய்கையாளருக்கு வழங்கப்பட்டது. 2016 இற் பசளைக்குப் பதிலாகப் பணம் கொடுக்கும் முறை புகுத்தப்பட்டு, சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. இம்மாற்றங்களிற் பல தேர்தலையும் திறைசேரியின் நெருக்கடியையும் ஒட்டி நிகழ்ந்தன. பெரும்போக விதைப்பு ஐப்பசியில் தொடங்குகின்றது. அப்போது வரவேண்டிய பசளை கார்த்திகைக் கடைசியில் வந்து சேருமாயின், மானியம் வழங்கப்பட்டதென்று ஆவணங் கூறும்; பயிரோ வேறு கதை கூறும்.

3. கடலோரத்துக்குச் சென்ற நிதி

கடற்றொழிலிற் பருவத்தின் ஆட்சி இன்னும் கடுமையானது. வாடைக்காற்று வீசுங் காலத்திற் கிழக்குக் கரையும், சோளகம் வீசுங் காலத்தில் மேற்குக் கரையும் கொந்தளிக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் தொழிலாளர் பருவந்தோறும் வடக்குக்கும் கிழக்குக்கும் பெயர்ந்து வாடி அமைத்துத் தொழில் செய்தமை நீண்ட வரலாறுடையது. இத்தகைய தொழிலுக்கு வழங்கப்படும் கடனோ மானியமோ பருவம் தவறினால், அது முழு ஆண்டையுமே தவறவிட்டதாகும்.

1940 ஆம் ஆண்டின் கடற்றொழிற் கட்டளைச் சட்டத்தை அடுத்து, 1941 இற் கடற்றொழிற் திணைக்களம் நிறுவப்பட்டது. 1958 அளவில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைத் தவணைக் கொள்வனவு முறையில் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. நைலோன் வலையும் வெளியிணைப்பு இயந்திரமும் பரவின. 1964 இல் இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனமும், 1972 இல் மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனமும் அமைந்தன. காரைநகரில் 1967 இல் நோர்வே உதவியுடன் தோன்றிய சீ-நோர் நிறுவனம் படகு கட்டுவதிலும், குருநகரில் வலைத் தொழிற்சாலையை நடத்துவதிலும் வட பகுதிக் கடற்றொழிலுக்குப் புதியதொரு வழியைக் காட்டிற்று. போர்க்காலத்தில் அதன் வடபகுதிச் செயற்பாடுகள் முடங்கின.

இத்திட்டங்களின் பயனை மறுத்தல் நன்றியின்மையாகும். மீன் உற்பத்தி பெருகியது. ஆழ்கடலுக்குச் செல்லும் துணிவு வளர்ந்தது. எனினும் இயந்திரப் படகு யாருக்குச் சென்றது என்ற வினா எழுந்தது. முற்பணமும் பிணையும் வைக்கக்கூடியோரே அதனைப் பெற்றனர். கட்டுமரத்திலும் சிறு வள்ளத்திலும் கரைவலையிலும் தொழில் செய்தோர் பலர் பிறரின் படகிற் கூலியாட்களாயினர். வழங்கிய கடனின் பெரும்பகுதி மீளச் செலுத்தப்படாமை ஆண்டுதோறும் பேசப்பட்டது. மீன்பிடிக் கூட்டுத்தாபனத்தின் நட்டமும் அவ்வாறே பேசப்பட்டது. எத்தனை படகுகள் வழங்கப்பட்டன என்ற எண்ணிக்கையே அரசின் வெற்றிக் கணக்காயிற்று. எத்தனை குடும்பங்கள் கடனிலிருந்து மீண்டன என்ற கணக்கு அரிதாகவே வெளிவந்தது.

எரிபொருள் மானியத்தின் வரலாறு இதனினும் துயரமானது. 2012 ஆம் ஆண்டு பெப்புருவரியில் எரிபொருள் விலைகள் ஒரே இரவில் உயர்ந்தன. மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாயிற்று. கரையோர மக்கள் வீதிக்கு வந்தனர். சிலாபத்தில் ஆர்ப்பாட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகிக் கடற்றொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னரே கடற்றொழிலாளருக்கு எரிபொருள் மானியம் வழங்கப்பட்டது. முன்கூட்டியே செய்திருக்கக்கூடிய ஓர் ஒழுங்கு ஓர் உயிர் போன பின்னர் வந்தது. 2022 ஆகத்தில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோதும், சிறுபடகுத் தொழிலாளர் கரையிலேயே காத்திருக்க நேர்ந்தது.

4. தவணைகளின் நாடு

'தவணை' என்னுஞ் சொல் எமது நாட்டில் இரு பொருளில் வழங்குகின்றது. கடனைப் பகுதி பகுதியாகச் செலுத்துவதும் தவணை. வழக்கு வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கப்படுவதும் தவணை. முன்னதிற் தவறினால் படகு பறிபோகும். பின்னதிற் தவறு யாருடையதாயினும் வழக்காளியே மீண்டும் பேருந்து ஏறவேண்டும். ஒரே உறுதியிற் பலர் பங்குரிமை பெறும் எமது காணிமுறையிற் பாகப்பிரிவினை வழக்குகள் தலைமுறை கடந்து நீள்வது பழங்கதையன்று. 1863 இலும் 1951 இலும் 1977 இலும் இதற்கெனத் தனிச்சட்டங்கள் இயற்றப்பட்டமையே நோயின் பழைமைக்குச் சான்றாகும்.

தாமதத்தைக் குறைக்கும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1958 இன் இணக்கச் சபைகள் சட்டம், பிணக்குகள் நீதிமன்றத்தை அடையுமுன் ஊர் மட்டத்தில் இணக்கங் காண வழிவகுத்தது. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இன்னும் துணிவானது. அது நீதிமன்ற அமைப்பை மாற்றியது. அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற வேறுபாட்டை நீக்கிச் சட்டத்தரணி என ஒரே தொழிலாக்கியது. நடைமுறையைச் சுருக்கித் தாமதத்தை ஒழிப்பதே தன் நோக்கம் என்றது. 1974 இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1977 இல் மீண்டும் உயிர்பெற்றது. இணக்கச் சபைகளும் 1978 இல் நீக்கப்பட்டன. அவற்றின் உறுப்பினரை அமைச்சர் நியமித்தமையால் அரசியல் புகுந்தது என்பது குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டில் உண்மையுண்டு. ஆயின் நியமன முறையைத் திருத்தாது நிறுவனத்தையே ஒழித்தமையால், 1988 இல் மத்தியஸ்த சபைகள் சட்டம் இயற்றப்படும்வரை பத்து ஆண்டுகள் அவ்விடம் வெறிதாயிருந்தது.

விரைவு மட்டுமே நீதியாகாது என்பதை மறத்தலாகாது. எதிர்வாதம் கேட்காத விரைந்த தீர்ப்பு அநீதியாகவும் அமையலாம். சட்டத்தரணிகள் பலர் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஐயுற்றமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகும். ஆனால் எமது வரலாற்றில் விரைவு எப்போது தோன்றியது என்பதை நோக்குமிடத்து வேறொரு கேள்வி எழுகின்றது. 2004 திசெம்பர் 26 ஆம் நாட் கடற்கோளினாற் பாதிக்கப்பட்ட வடக்குக் கிழக்குக் கரையோரங்களுக்கு உதவியைப் பங்கிடுவதற்கென அரசும் விடுதலைப் புலிகளும் 2005 யூன் 24 இல் ஒரு பொதுக் கட்டமைப்புக்கு உடன்பட்டன. பாராளுமன்ற உறுப்பினர் சிலரின் மனுவின்பேரில், இருபத்தொரு நாட்களில், யூலை 15 இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அத்தடை சட்டப்படி சரியா தவறா என்பது வேறு ஆய்வுக்குரியது. இங்கு கவனிக்க வேண்டியது, இறுதித் தீர்ப்பொன்று வருமுன்னரே அக்கட்டமைப்புச் செயலிழந்து போயிற்று என்பதேயாம். இடைக்காலக் கட்டளையே முடிவாகிவிட்டது. கரையிற் காத்திருந்தவனுக்கு விரைந்து வந்தது தடை, வராதது விடை.

5. இரு வகைக் காலக்கெடுக்கள்

மேற்கூறியவற்றின் சாரத்தை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஓர் உறுப்புரையிலேயே காணலாம். அடிப்படை உரிமை மீறப்பட்ட குடிமகன் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் மனுச் செய்ய வேண்டுமென 126 ஆம் உறுப்புரை விதிக்கின்றது. அம்மனுவை நீதிமன்றம் இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டுமெனவும் அதே உறுப்புரை கூறுகின்றது. முதலாவது கெடு, சில விலக்குகள் தவிர, இறுக்கமாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. நாள் தவறினால் மனு நிராகரிக்கப்படலாம். இரண்டாவது கெடுவோ கட்டாயமானதன்று, வழிகாட்டுவதே எனக் கொள்ளப்படுகின்றது. அது மீறப்பட்டால் எவருக்கும் எவ்வித விளைவுமில்லை. ஒரே உறுப்புரையில் எழுதப்பட்ட இரு காலக்கெடுக்கள் நடைமுறையில் இரு வேறு சட்டங்களாகிவிட்டன.

நீதிபதிகளின் தொகையே தாமதத்துக்குக் காரணமென்பர். 2020 இல் நிறைவேறிய 20 ஆம் திருத்தம் உயர் நீதிமன்ற நீதியரசரின் உச்சத் தொகையை 11 இலிருந்து 17 ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தொகையை 12 இலிருந்து 20 ஆகவும் உயர்த்தியது. இது வேண்டிய ஒன்றே. எனினும் எத்தனை வழக்குகள் எந்த நிலையில், எத்தனை ஆண்டாக, எக்காரணத்தால் நிற்கின்றன என்பதை ஒவ்வொரு நீதிமன்றும் ஒழுங்காக மக்களுக்கு அறிவிக்காதவரை, ஆசனங்களைக் கூட்டுவது மட்டும் பரிகாரமாகாது. நீதித்துறையின் சுதந்திரம் தீர்ப்பைப் பற்றியது. நாட்குறிப்பை மறைப்பதற்கு அது அரணாகாது.

நிதிக் கணக்கின் நிலையும் இதுவே. அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரைப்படி, கணக்காய்வாளர் தலைமை அதிபதி நிதியாண்டு முடிந்து பத்து மாதங்களுக்குள் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். சித்திரையிற் சிறுபோகத்துக்கு வழங்கப்பட்ட மானியத்தை எடுத்துக்கொள்வோம். அந்நிதியாண்டு மார்கழியில் முடியும். அறிக்கை அடுத்த ஆண்டு ஐப்பசியளவில் வரலாம். அதற்கிடையில் மூன்று அறுவடைகள் கழிந்திருக்கும். அரசாங்கக் கணக்குகள் குழுவோ, 1979 இல் தோன்றிய பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழுவோ அதனை ஆராய்வது இன்னும் பிந்தியே. அப்போது பொறுப்பாயிருந்த அதிகாரி இடம் மாறியிருப்பார், அமைச்சரும் மாறியிருக்கக்கூடும், கமக்காரன் மட்டும் அதே வயலில் நிற்பான்.

ஆயின் விரைந்த கணக்கு இயலாததொன்றன்று. அதே உறுப்புரை, தேவையெனக் கருதும்போதெல்லாம் அறிக்கையிடக் கணக்காய்வாளருக்கு அதிகாரமளிக்கின்றது. கடற்கோள் நிவாரணம் பற்றி 2005 யூன் இறுதிவரையான நிலையை ஆராய்ந்து, அவ்வாண்டு செத்தெம்பரிலேயே இடைக்கால அறிக்கை வெளியிடப்பட்டது. நிவாரணம் நடந்துகொண்டிருக்கையிலேயே அதன் குறைகள் அம்பலமாயின. பத்து மாதமென்பது மேல் எல்லையேயன்றிக் காத்திருப்பதற்கான அனுமதியன்று என்பதை அவ்வறிக்கை காட்டிற்று.

குடிமகன் தானே கேள்வி கேட்கும் வழியும் மெல்லவே திறந்தது. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவி அமைந்தது. 1994 வரை அவரிடம் ஒருவர் நேரே முறையிட இயலவில்லை. பாராளுமன்ற உறுப்பினரின் ஊடாகவே செல்லவேண்டியிருந்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே அரச அலுவலகம் பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு கூற வேண்டுமென விதித்து, மேன்முறையீட்டுக்கு ஆணைக்குழுவையும் அமைத்தது. அரசின்மீது குடிமகன் காலக்கெடுவைச் செலுத்தும் சட்டம் என்ற வகையில் இது எமது வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

6. 2021: மூன்றுஞ் சந்தித்த ஆண்டு

வயல், கடல், நீதிமன்று ஆகிய மூன்றினதும் கதை 2021 ஆம் ஆண்டில் ஒன்றுகூடிற்று. அவ்வாண்டு மே 6 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. சேதனப் பசளைக்கு மாற வேண்டுமென்ற நோக்கத்திற் பிழை காண்பது இங்கு கருத்தன்று. பல ஆண்டுகள் படிப்படியாகச் செய்யவேண்டியதை ஒரு போகத்திற் செய்ய முற்பட்டமையே பிழை. தடை நவம்பரில் நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2021 இல் ஏறத்தாழ 51 இலட்சம் மெற்றிக் தொன்னாயிருந்த நெல் உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 34 இலட்சமாக வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியில் எரிபொருள் நெருக்கடிக்கும் பங்குண்டு. எனினும் பசளையின்மையே தலையாயது. இதனிடையே, பரிசோதனையிற் கிருமி காணப்பட்டதெனத் திருப்பியனுப்பப்பட்ட சீனக் கப்பலின் பசளைக்காகப் பெருந்தொகையான அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. வயலை அடையாத பசளைக்கு மக்கள் விலை கொடுத்தனர்.

அதே மே மாதத்திற் கொழும்புக்கு அப்பாற் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலக் கப்பல் தீப்பற்றி, யூன் 2 இல் மூழ்கத் தொடங்கிற்று. பிளாத்திக்குத் துகள்கள் கரையெங்கும் ஒதுங்கின. மேற்குக் கரையின் ஒரு பகுதியில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அடிப்படை உரிமை மனுக்கள் விரைவிலேயே தாக்கலாயின. உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2025 யூலை 24 இல் வந்தது. கப்பற் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டதோடு, அரச பொறுப்பிலிருந்தோர் சிலரின் கடமைத் தவறையும் அது எடுத்துக்காட்டிற்று. இது துணிவான தீர்ப்பு; போற்றத்தக்க தீர்ப்பு. ஆயினும் இரண்டு மாதம் என எழுதப்பட்ட உறுப்புரையின்கீழ் அது நான்கு ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. அந்நான்கு ஆண்டுகளில் விற்கப்பட்ட படகை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறக்கூடிய முடிபுகள் மூன்று. முதலாவது, பிணக்கு நிகழும் இடத்துக்கும் காலத்துக்கும் அண்மையிலமைந்த நிறுவனங்களே பயன் தந்தன. அவற்றையே ஆட்சிகள் மாறி மாறிக் கலைத்தன. இரண்டாவது, செலவிட்ட தொகையும் வழங்கிய பொருளின் எண்ணிக்கையும் கணக்காகா. உரிய பருவத்தில் உரியவரை அடைந்ததா என்பதே கணக்கு. மூன்றாவது, அரசுக்கு விதிக்கப்படும் காலக்கெடு மீறப்பட்டால் அதற்கும் விளைவு இருத்தல் வேண்டும். ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் கமநல சேவை நிலையத்தில் அப்போகத்தின் மானியக் கணக்கும், ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கடற்றொழிலாளர் சங்கங்களில் உதவிக் கணக்கும், ஒவ்வோராண்டும் நீதிமன்றுகளில் நிலுவை வழக்குகளின் விபரமும் வெளிப்படையாக வைக்கப்படுதல் இயலாத செயலன்று. எமது ஊர்ச் சங்கங்கள் செய்வதையே அரசும் செய்யவேண்டுமெனக் கேட்கின்றோம்.

திருவள்ளுவர் பொருட்பாலிற் 'காலமறிதல்' எனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். பகைவரை வெல்ல ஏற்ற காலத்தை அறிதல் வேந்தனுக்கு வேண்டியதென அவர் கருதினார். இன்றைய அரசு அறியவேண்டிய காலம் குடிமக்களின் காலமாகும். இப்பல்கலைக்கழகத்திற் பயில்வோரிற் பலர் வயலும் கடலும் ஊட்டி வளர்த்த குடும்பங்களிலிருந்து வந்தோர். நாளை நிருவாகத்திலும் நீதித்துறையிலும் ஆசனம் பெறப்போகின்றவர்களும் இவர்களே. கோப்பு ஒன்றை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கக் கை நீளும்போது, அம்மாதத்திற்குள் எந்த வயல் வாடும், எந்தப் படகு கரையேறும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாயின், அதுவே இவ்வரலாற்றைக் கற்றதன் பயனாகும்.